தழும்பன் மறித்த ஆற்றுத்துறை

என் அக்கா புருஷன் சிப்ரியனை எங்கள் ஆட்கள் முதல் நாளே கொன்றிருக்க வேண்டும். எங்கள் ஆறுகளில் இரும்புப் பொறி வைத்து தோலுக்காக பீவர் என்ற நீர்விலங்கைப் பிடிக்க வந்தவர்கள் உயிரோடு திரும்பிப் போனதில்லை. போதாக்குறைக்கு அவருடைய தாய் கிரீ இனத்தவள். கிரீகளுக்கும் பிகானிகளான எங்களுக்கும் தலைமுறைப் பகை. தகப்பன் யாரோ ஒரு பிரெஞ்சுக்காரன். கொல்ல இத்தனை காரணம் இருந்தும் அவரைக் காப்பாற்றியது அவருடைய முகம்தான்.

கரடி ஆற்று வளைவில், இடுப்பளவு தண்ணீரில் அவர் குனிந்து பொறியை நாட்டிக்கொண்டிருந்தபோது என் அப்பாவும் இன்னும் ஐந்து பேரும் அவரைச் சுற்றி வளைத்தார்கள். அப்பா அம்பைத் தொடுத்துவிட்டார். மச்சான் ஓடவில்லை. தொப்பியைக் கழற்றி நிமிர்ந்து பார்த்தார். நெற்றியிலிருந்து கழுத்து வரை விரல் வைக்க இடமில்லாமல் அம்மைக் குழிகள். அப்பா வில்லைத் தாழ்த்தினார். அப்பா சிறுவனாக இருந்தபோது பெரியம்மை வந்து எங்கள் கூடாரங்களில் பாதியைக் காலி செய்திருந்தது. அதில் படுத்து எழுந்தவர் அவருடைய அண்ணன் ஒருவர்தான். அவர் முகத்திலும் இதே குழிகள் இருந்தன.

"சாவு இவன வாயில போட்டு மென்னு பாத்துட்டு, பிடிக்கலன்னு துப்பியிருக்கு. அது துப்பினத நாம எதுக்குத் தின்னணும்?" என்றாராம் அப்பா.

அன்று முதல் அவருக்குத் தழும்பன் என்று பெயர். சிரித்தால் குழிகள் எல்லாம் ஒன்றுகூடி முகம் இன்னும் கோரமாகும். அது தெரிந்தே குழந்தைகள் முன்னால் சிரிப்பார். வேட்டையில் நிதானம், பேச்சில் குறும்பு. ஒரே ஒரு பைத்தியம் உண்டு. எந்த ஆற்றைக் கண்டாலும் இது எங்கே பிறக்கிறது என்று கேட்பார். யாராவது தெரியாது என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. விடிந்ததும் குதிரையில் ஏறிவிடுவார். பத்து நாள், இருபது நாள் கழித்து, செருப்பு கிழிந்து கன்னம் ஒட்டிப்போய் வந்து, அந்த ஆறு எந்தப் பாறையடியில் கசிகிறது என்று சொல்வார். அது தெரிந்து யாருக்கு என்ன லாபம் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

அக்கா சினோபாக்கி அவரைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது அம்மா முகத்தைச் சுளித்தாள். தினமும் அந்த மூஞ்சியில் விழிக்க வேண்டுமே என்றாள். "அதெல்லாம் பழகிடும்மா. நீ அப்பாவோட பழகலையா?" என்றாள் அக்கா. மச்சான் நான்கு குதிரைகளை எங்கள் கூடாரத்து முன்னால் கட்டினார். கல்யாணம் முடிந்தது.

எங்களில் மாமியாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. எதிரில் வந்தால் மருமகன் விலகிப் போக வேண்டும். தவறிப் பார்த்துவிட்டால் இருவருக்கும் அவமானம். அதுவும் மாமியாருக்குத்தான் அதிகம். ஆகவே பக்கத்துப் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தும், பதினோரு குளிர்காலம் அம்மாவும் மச்சானும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்காகச் சண்டை போடாமல் இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. அம்மா தன் நாயிடம் பேசுவாள். "ஏய் சாம்பலு, சில பேரு கொண்டார கறியில எலும்புதான் இருக்கு, சதையக் காணோம்." கூடாரத்துக்குள்ளிருந்து மச்சான் தன் குதிரையிடம் பதில் சொல்வார். "சில பேருக்குப் பல்லு எங்க இருக்கு, சதை குடுத்து என்ன பண்றதுன்னு கேளு." அக்கா நடுவில் உட்கார்ந்து சிரிப்பாள். ஆனாலும் அவர் அடிக்கும் முதல் மானின் நாக்கு அம்மாவுக்குத்தான் போகும். ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் அம்மா தைத்த புதுத் தோல்செருப்பு அவர் வாசலில் கிடக்கும்.

அப்பாவுக்கும் அவருக்கும் இருந்த சிக்கல் வேறு. எங்கள் கூட்டத்தின் பீவர் பொதி அப்பாவிடம் இருந்தது. பல தலைமுறையாகக் கைமாறி வந்த புனிதப் பொதி அது. உள்ளே பீவர் முதலான விலங்குகள், பறவைகளின் தோல்கள்; ஒவ்வொரு தோலுக்கும் ஒரு பாட்டு, இருநூறுக்கும் மேல். அப்பாவுக்குப் பிறகு அது எனக்கு வர வேண்டியது. பாதிப் பாட்டுதான் எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட கூடாரத்துக்குப் பக்கத்தில், பீவரைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொல்கிறவர் மருமகனாக இருந்தார். அப்பா அவரைத் திட்டவில்லை. நம்ம ஆத்துல வேணாம், மலைக்கு அந்தப் பக்கம் எங்க வேணும்னாலும் போய்க்கோ என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு என்னிடம், "அங்கயும் அதுங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும்" என்றார்.

மலையைத் தாண்ட ஒரு வழி தேடி நானும் மச்சானும் மூன்று இலையுதிர் காலம் அலைந்தோம். நான்காவது தடவை ஒரு மலையாட்டுத் தடத்தைப் பிடித்து ஏறி, மேகத்துக்கு நடுவில் ஒரு கணவாயைக் கண்டோம். இரண்டு சுனைகள் அங்கே பத்தடி இடைவெளியில் கசிந்தன. மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை இதிலும் ஒரு காலை அதிலும் வைத்து நின்றார். ஒரு கால் கழுவிய தண்ணீர் சூரியன் எழும் பக்கத்துக் கடலுக்கும், இன்னொரு கால் கழுவியது விழும் பக்கத்துக் கடலுக்கும் போகும் என்று சொல்லி, நெடுநேரம் இறங்கவே இல்லை. கால் நீலம் பாரித்துவிட்டது.

அதன்பிறகு வருஷாவருஷம் அந்தப் பக்கம் போனோம். அக்காவும் வருவாள். மச்சான் பொறியைத் தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் வைப்பார். அதன்மேல் ஒரு குச்சியை வளைத்து, பீவரின் வாசனைப் பையிலிருந்து எடுத்த எண்ணெயை நுனியில் தடவுவார். வாசனை பார்க்க வரும் விலங்கு காலை வைத்து மாட்டிக்கொண்டு, ஆழத்துக்கு இழுபட்டு, சத்தமில்லாமல் செத்துப்போகும். காலையில் நான் சங்கிலியைப் பிடித்து இழுப்பேன். அக்கா தோலை உரித்து, வில்லோ மரக் குச்சியை வளைத்த வளையத்தில் இழுத்துக் கட்டிக் காயவைப்பாள். ஒரு ஓடையில் எல்லாவற்றையும் பிடித்துவிட்டால், அடுத்த வருஷம் அவை கட்டிய அணைகள் உடைந்து, குளம் இருந்த இடம் வெறும் சேறாக இருக்கும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் போவேன். மச்சானும் அந்த இடங்களில் குதிரையை வேகமாக ஓட்டுவார்.

பதினோராவது குளிர்காலத்தை நாங்கள் மூவரும் மலைக்கு அந்தப் பக்கத்திலேயே கழித்தோம். அக்காவுக்கு அங்கே பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பிறந்து இறந்த பிறகு பிறந்தது இது. பழங்கள் உதிரும் மாதத்தில்தான் கணவாயைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கினோம். எங்கள் கூட்டம் அந்தக் கோடையில் பெரிய ஆற்றங்கரையில் இருந்த வெள்ளைக்காரர் கோட்டைக்கு வியாபாரத்துக்குப் போயிருந்தது. திரும்பி வருகிற வழியில் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம், அம்மாவிடம் பேத்தியைக் காட்டலாம் என்று அக்கா அவசரப்பட்டாள்.

முதலில் கண்ணில் பட்டவை நாய்கள். ஆளில்லாமல் ஏழெட்டு நாய்கள், புல்வெளியில் எங்களைப் பார்த்து நின்றன. எல்லாம் கொழுத்திருந்தன. எங்கள் நாய்கள் கோடைக் கடைசியில் கொழுத்திருந்து நான் பார்த்ததில்லை. நான் கூப்பிட்டேன். வாலை ஆட்டவில்லை, திரும்பி நடந்து போய்விட்டன.

அடுத்த நாள் காட்டெருமைகள். கூட்டம் வழக்கமாகத் தங்கும் ஓடைக்கரையில், கூடாரம் போடுகிற இடத்திலேயே, பயமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. இத்தனை அருகில் எருமை வந்தால் எங்கள் ஆட்கள் விட்டுவைப்பார்களா என்று நான் சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. தொடுவானத்தில் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். அன்று முழுக்க எங்கும் புகை இல்லை.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில், தடத்தின் ஓரம் தனியாக ஒரு கூடாரம் நின்றது. கதவுத் தோல் வெளியிலிருந்து கட்டப்பட்டிருந்தது. மச்சான் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். காற்று எங்கள் பக்கமிருந்து கூடாரத்தை நோக்கி வீசுகிறதா என்று புல்லைக் கிள்ளிப்போட்டுப் பார்த்தார். பிறகு தனியாக நடந்து போய், கட்டை அவிழ்த்து, உள்ளே தலையை நீட்டினார்.

நீட்டியவர் உடனே வெளியே வரவில்லை. வந்தபோது எங்களை நெருங்காமல், தூரத்திலேயே நின்று, கைகளை மணலால் தேய்த்தார்.

"யாரு மச்சான்?" என்று கேட்டேன்.

"முகத்த வெச்சு அடையாளம் சொல்ல முடியல," என்றார். "என் முகத்துக்கு வந்ததுதான் வந்திருக்கு."

எங்களைப் பேசவிடாமல் திருப்பி, ஆற்றைக் கடக்கவைத்து, ஒரு பக்கவாட்டுப் பள்ளத்தாக்கில் போய்த் தங்கச் சொன்னார். அவர் மட்டும் ஆற்றுக்கு அந்தக் கரையிலேயே இருந்தார். தன் உடுப்பை எரித்துவிட்டு, ஒரு எருமைத்தோலைப் போர்த்திக்கொண்டு, அங்கிருந்தே கத்திக் கத்திச் சொன்னார். இது பத்துப் பன்னிரண்டு நாள் உடம்புக்குள் ஒளிந்திருக்கும். பிறகு காய்ச்சல், பிறகு கொப்புளம். ஒரு தடவை வந்தவனுக்குத் திரும்ப வராது. ஆகவே தான் மட்டும் போய்க் கூட்டத்தைத் தேடிப் பார்ப்பதாகவும், நாங்கள் யாரையும் தொடக் கூடாது, எந்தப் பொருளையும் எடுக்கக் கூடாது, ஆற்றைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னார்.

அக்கா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீர் வரை போய்விட்டாள். தன் அம்மா அங்கே கிடக்கும்போது தான் இங்கே உட்கார்ந்திருப்பதா என்று கேட்டாள். "உன்னப் பெத்தவளா இருந்தா நீ விட்டுட்டு வருவியா?"

மச்சான் சொன்னார். "எனக்கு அப்ப ஏழு வயசு. அவ செத்து மூணு நாள் நான் அவ பக்கத்துலயே படுத்துக் கெடந்தேன், எழுந்திருக்க முடியாம. நாலாம் நாள் எழுந்து, திரும்பிப் பாக்காம நடந்தேன். ஆமா. விட்டுட்டுத்தான் வந்தேன்."

அவர்கள் கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷத்தில் அக்கா அதைக் கேட்டது அப்போதுதான். தண்ணீரிலிருந்து பின்வாங்கி வந்து உட்கார்ந்தாள்.

மச்சான் ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். எதிர்க்கரையில் ஒரு பாறைமேல் ஏறி நின்று, கண்டதைச் சொன்னார். கோட்டைக்கு வந்த படகிலேயே நோய் இருந்திருக்கிறது. கோட்டைக்காரர்கள் கிட்டே வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சரக்கை ஒளிக்கத்தான் பொய் சொல்கிறார்கள் என்று எங்கள் ஆட்கள் பிடிவாதமாகப் படகைத் திறக்கவைத்திருக்கிறார்கள். பிறகு ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் கூடாரம் கூடாரமாக விழுந்திருக்கிறார்கள். அப்பா பொதிக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தாராம்; எங்கள் வழக்கப்படி உடலை மரக்கிளையில் ஏற்றிவிட்டு வந்ததாகச் சொன்னார். உயிரோடு இருந்த சிலரிடம் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தாராம். அம்மா அங்கே இல்லை. பொதியும் மறுநாள் பார்த்தபோது இல்லை.

அம்மா அதற்கடுத்த நாள் காலையில் வந்தாள். மச்சானின் குதிரைத் தடத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறாள். சாம்பல் நிற நாய் கூடவே வந்தது. முதுகில் பொதி. தூரத்திலேயே நடை தெரிந்து அக்கா எழுந்து நின்றாள்.

ஆற்றைக் கடக்க அங்கே ஒரே ஒரு துறைதான். அதன் வாயில் மச்சான் உட்கார்ந்திருந்தார். அம்மா அவரைப் பார்த்தாள், நிற்கவில்லை. நேராக அவரை நோக்கியே நடந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. மாமியார் எதிரில் வந்தால் மருமகன் எழுந்து முகத்தை மூடிக்கொண்டு விலக வேண்டும். விலகினால் துறை திறந்துகொள்ளும். தண்ணீர் முழங்கால் அளவுதான். இந்தப் பக்கம் மகள் இருக்கிறாள், மகன் நான் இருக்கிறேன், அவள் இன்னும் பார்க்காத பேத்தி இருக்கிறாள். அம்மா அந்த வழக்கத்தையே கழி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு வந்தாள்.

மச்சான் எழுந்தார். போர்வையால் முகத்தை மூடவில்லை. துறைக்குக் குறுக்கே நின்று அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அத்தை, அங்கயே நில்லுங்க," என்றார்.

அம்மா அடிவாங்கியவள்போல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். நானும் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தனை சாவுக்கு நடுவிலும் அது வெட்கமாகத்தான் இருந்தது.

"உங்க கண்ணு சிவந்திருக்கு. இடுப்பு வலிக்குதுல்ல?" என்று கேட்டார் மச்சான்.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ரெண்டு நாளா வலிக்குது." பிறகு, "பொதிய பையன்கிட்ட குடுக்கணும். அவங்க அப்பா சொல்லிட்டுப் போனாரு. குடுத்துட்டு நான் திரும்பிப் போயிடுறேன்."

"அது அவர் மூச்சுக்குப் பக்கத்துல இருந்தது. அதுவும் தாண்டக் கூடாது."

அம்மா போர்வையை விலக்கினாள். அவளும் அவரை நேராகப் பார்த்தாள். "மாப்ள, புள்ளையையாவது தூக்கிக் காட்டச் சொல்லுங்க."

அக்கா குழந்தையின் துணியெல்லாம் அவிழ்த்துவிட்டு, வெறும் உடம்போடு தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். காலை வெயில் அதன்மேல் விழுந்தது. குழந்தை காலை உதைத்துக்கொண்டு அழுதது. அம்மா கண்ணுக்குக் கை மறைப்பு வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்காவின் கை தாழத் தொடங்கிய பிறகுதான், போதும் என்று கையசைத்தாள்.

மச்சான் அவளுக்கு அந்தக் கரையில் கிளைகளை வெட்டி ஒரு குடில் போட்டார். பத்து நாள் அம்மா அதில் கிடந்தாள். தண்ணீர் கொடுத்தது, புரட்டிப் படுக்கவைத்தது, ஈ ஓட்டியது எல்லாம் அவர்தான். இருவரும் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கேட்கும், வார்த்தை கேட்காது. ஒரு நாள் அம்மா சிரித்ததுகூடக் கேட்டது. அப்படி என்ன பேசினார்கள் என்று மச்சான் யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும். பதினோராம் நாள் சத்தம் இல்லை. நாய் மட்டும் குடிலைச் சுற்றிச் சுற்றி வந்தது. மச்சான் அம்மாவை மரத்தில் ஏற்றினார். பொதியைத் தோண்டிப் புதைத்தார். எந்த இடம் என்று என்னிடம் சொல்ல மறுத்துவிட்டார். நாயைக் கொன்றார். அதற்குப் பிறகும் இருபது நாள் எதிர்க்கரையில் தனியாக இருந்துவிட்டுத்தான், தோலுரியக் குளித்து, தண்ணீரைக் கடந்து வந்தார்.

எங்கள் மூவருக்கும் ஒன்றும் வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் உயிர் தப்பியவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அறுபது கூடாரம் இருந்த கூட்டத்தில் இருபத்தொன்று நின்றது. முதலில் யாரும் எதையும் பேசவில்லை. பனி ஆழமானபோது பேச்சு தொடங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் பீவர்களைக் கூண்டோடு அழித்தவன் யார்? மாமியார் முகத்தைப் பார்த்தவன் யார்? பொதியை மண்ணுக்குள் போட்டவன் யார்? நோயை முகத்திலேயே எழுதிக்கொண்டு வந்தவனை அன்றைக்கே கொன்றிருக்க வேண்டும் என்றார்கள். என் சொந்தக்காரர்கள்தான் சொன்னார்கள். பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள் எல்லாரையும் பறிகொடுத்த ஒருவன் சொன்னான். அவனை எதிர்த்து எனக்கு வாய் எழவில்லை. பொதி எனக்கு வந்திருக்க வேண்டியது. எனக்குள்ளும் கொஞ்சம் கோபம் இருந்தது. இல்லையென்றால் பொய்.

மச்சான் வேட்டைக்குப் போனால் அவருக்குப் பின்னால் இரண்டு பேர் போகத் தொடங்கினார்கள். ஒரு நாள் அவருடைய குதிரையின் கால் நரம்பு அறுபட்டிருந்தது. நான் போய், "மச்சான், கிளம்பிடுங்க. என்னால அவங்கள நிறுத்த முடியாது," என்றேன்.

"உன்னால முடியுமான்னு நான் கேட்டேனா?" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டார்.

கணவாய் வரை கூடப் போனேன். பனி இளகாத நேரம். இரண்டு சுனையும் உறைந்து கிடந்தன. அக்கா குழந்தையோடு முன்னால் இறங்கினாள். மச்சான் என் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஆறு வருஷம் கழித்து அக்கா, மகளோடு மட்டும் திரும்பி வந்தாள். அந்தப் பக்கத்தில் வடக்கிலிருந்து வரும் ஒரு ஆறு உண்டாம். அங்கிருக்கிற சனங்கள்கூட அதன் மேல்பகுதிக்குப் போவதில்லை. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்களாம். மச்சான் ஒரு வசந்தத்தில், அது எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிட்டு இருபது நாளில் வந்துவிடுகிறேன் என்று போனார். இலை கொட்டும்வரை அக்கா காத்திருந்தாள். புருஷன் செத்தால் எங்கள் பெண்கள் தலைமுடியை வெட்டிக்கொள்வார்கள். அக்கா வெட்டவில்லை. "நீ போயி பாத்துட்டு வா. பாத்தேன்னு நீ சொன்னா வெட்டிக்கிறேன்," என்றாள்.

அடுத்த கோடையில் போனேன். அந்த ஆற்றில் நான்கு நாள் ஏறிய பிறகு அவருடைய தங்குமிடத்தைக் கண்டேன். அடுப்புக் கல், கூடாரக் கம்புகள், மரக்கிளையில் வரிசையாகத் தொங்கிய ஆறு பொறிகள். துருப்பிடிக்காமல் ஆறிலும் கொழுப்புத் தடவியிருந்தது. ஒன்றுகூடத் தண்ணீரைப் பார்க்கவில்லை. எதிரே குளம் முழுக்க பீவர்கள். என்னைக் கண்டு ஒன்றும் முங்கவில்லை. கரையில் உட்கார்ந்து என்னையே பார்த்தன. எலும்பு இல்லை, துணி இல்லை, சண்டை நடந்த அடையாளம் இல்லை. ஒரு ஆளின் காலடி பட்டுத் தேய்ந்த தடம் மட்டும் மேலே போயிற்று.

அதன் வழியே பாதி நாள் நடந்தேன். பள்ளத்தாக்கு குறுகி, இருபக்கப் பாறையும் நெருங்கி வந்தது. மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது, வானத்தில் மேகமே இல்லை. ஆனால் அந்த வளைவில் தண்ணீர் திடீரென்று கலங்கி வந்தது. மேலே, அதிக தூரமில்லாத இடத்தில், ஏதோ ஒன்று ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. மச்சான் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். கலங்கல் நின்றது. பதில் வரவில்லை. சற்று நேரத்தில் தண்ணீர் தெளிந்து, மறுபடியும் கலங்கத் தொடங்கியது. இந்தத் தடவை இன்னும் அருகிலிருந்து.

நான் திரும்பிவிட்டேன்.

அக்காவிடம், ஊற்று வரை போய்ப் பார்த்தேன், மச்சானைப் புதைத்துவிட்டு வந்தேன் என்று சொன்னேன். அவள் அன்று சாயங்காலமே முடியை வெட்டிக்கொண்டாள்.